லாம், வேண்டும், கூடாது: ஆங்கிலத் துணைவினைகளைத் தமிழர் கற்கும் நெறி



ஆங்கில பாஷையின் இலக்கணத்தைப் பற்றித் தமிழில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்த வேண்டும் என்று இச்சபையார் கேட்டபோது நான் மிகுந்த மகிழ்ச்சியோடு இசைந்தேன். அயல் மொழி ஒன்றின் இயல்பைத் தாய்மொழியின் வாயிலாக ஆராய்ந்து தெளிந்தவனுக்கே அம்மொழி உண்மையில் வசப்படும் என்பதும், தாய்மொழியை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலத்தைக் கற்பிக்க முயல்வது மாணவனிடம் இருக்கும் பெருஞ்செல்வத்தைப் பயன்படுத்தாமல் அவனை ஏழையாக்குவதாகும் என்பதும் என் நெடுநாளைய கொள்கை. அக்கொள்கைக்குச் சான்றாக இரண்டு விஷயங்களை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 'கேன்', 'குட்', 'மே', 'மைட்', 'ஷல்', 'ஷுட்', 'வில்', 'வுட்', 'மஸ்ட்' என்னும் துணைவினைகள். இவற்றை மோடல் வினைகள் என்பர். மற்றொன்று, 'டு' என்ற சிற்றிடைச்சொல் முன்வரப்பெறும் வினையெச்சம். இதனை இன்ஃபினிட்டிவ் என்பர்.

நடந்ததையும் நடப்பதையும் உரைப்பதற்கு மட்டும் மனிதன் வாய் திறப்பதாக நாம் எண்ணுதல் கூடாது. காலையில் எழுந்தது முதல் இரவு உறங்கும்வரை நாம் பேசும் பேச்சை உற்று நோக்கினால், அதில் பெரும்பகுதி இன்னும் நடவாத செயல்களைப் பற்றியதே என்பது விளங்கும். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், மழை வரலாம், கடன்காரர் இன்று வரக்கூடும், நாளைக்குள் இந்த வேலையை முடிக்க முடியாது, உள்ளே வரலாமா, அதைத் தொடக் கூடாது. இவ்வாறு அனுமதி, கடமை, ஆற்றல், அநுமானம், வேண்டுகோள், தடை என்னும் ஆறு வகையாலும் செயலைச் சுற்றி நிற்கும் மனநிலையைத்தான் நாம் ஓயாது பேசிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த மனநிலையைத் தாங்குபவை மோடல் வினைகள். நடவாத அச்செயலை நோக்கி விரல் நீட்டுவது 'டு' சேர்ந்த வினையெச்சம். ஆகவே இவ்விரண்டையும் பிழையறக் கையாளத் தெரியாதவன், ஆயிரம் அரும்பதங்களை மனனம் செய்திருந்தாலும், அன்றாட ஆங்கிலத்தில் தன் கருத்தைத் தன் கருத்தாகவே பிறர் மனத்தில் பதிக்க வல்லவன் ஆகான்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறார்கள் என்று இடத்துக்கும் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப விகுதி மாறுவது தமிழ் வினைமுற்றின் பொது இயல்பு. ஆனால், நான் போகலாம், நீ போகலாம், அவன் போகலாம், அவர்கள் போகலாம் என்னும்போது அம்மாற்றம் எங்கே போயிற்று? 'வேண்டும்', 'முடியும்', 'கூடும்', 'கூடாது' ஆகியவையும் அப்படியே. 'மாட்டேன், மாட்டான்' போன்ற சில நீங்கலாக, செயலின்மேல் நம் மனநிலையை ஏற்றிச் சொல்லும் சொற்கள் தமிழில் கர்த்தாவுக்கேற்ப வடிவம் மாறுவதில்லை. ஆங்கிலத்திலும் இதுவே நியதி. 'ஹீ கோஸ்' என்று படர்க்கை ஒருமையில் 'ஸ்' என்னும் ஒலி வந்து சேர்கிற அம்மொழியில், 'ஹீ கேன்', 'ஷீ மஸ்ட்', 'இட் மே' என்று துணைவினை மட்டும் எவ்வித விகுதியும் ஏலாமல் நிற்கிறது. 'ஹீ கேன்ஸ்' என்று எழுதும் மாணவனைக் கடிந்துகொள்வதைக் காட்டிலும், 'அவன் போகலாம், அவள் போகலாம் என்று நீ சொல்வது போலத்தான், தம்பி, இதுவும்' என்று ஒரு முறை சொல்வதே அவன் மனத்தில் ஆழப் பதியும்.

இந்த நியதிக்கு ஆங்கிலத்தில் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆங்கிலத்தின் பழைய நிலையில் 'கேன்', 'மே', 'ஷல்' முதலியவற்றின் நிகழ்கால வடிவங்கள், அதற்கும் முந்திய இறந்தகால வடிவங்களிலிருந்து பிறந்தவை. இறந்தகாலத்தில் படர்க்கை ஒருமைக்குத் தனி விகுதி கிடையாது. அந்தப் பழமையின் சுவடே இன்றும் 'ஸ்' இன்மையாக நிலைத்திருக்கிறது. மோடல் வினைகளை அடுத்து 'டு' வாராமைக்கும் அத்தகைய வரலாறு உண்டு; அக்காலத்தில் வினையெச்சத்துக்கு 'அன்' என்ற ஈறு இருந்தது. 'டு' என்பதோ திசையைக் குறிக்கும் தனிச்சொல். நம்முடைய நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' செய்யும் தொழிலை அது செய்தது. காலப்போக்கில் ஈறுகள் தேய்ந்து மறைந்தபோது, வினையெச்சத்தை அடையாளம் காட்டும் பொறுப்பு 'டு' மேல் வந்து விழுந்தது. ஆயினும், மோடல் வினைகளை அடுத்து வரும் எச்சம் அந்தப் புதிய துணையை ஏற்றுக்கொள்ளாமல் தன் பழைய தனி நிலையிலேயே நின்றுவிட்டது. 'ஐ மஸ்ட் கோ' என்பதே சரி, 'ஐ மஸ்ட் டு கோ' என்பது பிழை என்னும் விதியின் வரலாறு இதுதான்.

இங்கே தமிழ் மாணவனுக்குப் பெரிதும் உதவக்கூடிய ஒரு சோதனையைச் சொல்ல விரும்புகிறேன். நம் இலக்கண நூலார் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று கூறுவது 'போக', 'வர', 'படிக்க' போன்ற வடிவங்களை. 'படிக்க வந்தான்' என்பதைப் 'படிப்பதற்கு வந்தான்' என்று 'கு' உருபு விரித்துச் சொன்னாலும் பொருள் சிதைவதில்லை. 'படிக்க விரும்புகிறான்' என்பதையும் ஒருவாறு அப்படி விரிக்கலாம். ஆனால், 'படிக்க வேண்டும்' என்பதைப் 'படிப்பதற்கு வேண்டும்' என்றோ, 'படிக்க முடியும்' என்பதைப் 'படிப்பதற்கு முடியும்' என்றோ விரித்தால் செவி அதனை ஏற்க மறுக்கிறது. எங்கே 'கு' விரியுமோ அங்கே ஆங்கிலத்தில் 'டு' வரும். எங்கே 'கு' விரியாதோ அங்கே 'டு' வாராது. 'ஹீ கேம் டு ஸ்டடி', 'ஹீ வான்ட்ஸ் டு ஸ்டடி'. ஆனால் 'ஹீ மஸ்ட் ஸ்டடி', 'ஹீ கேன் ஸ்டடி'.

இச்சோதனை மோடல் வினைகளோடு நின்றுவிடுவதில்லை என்பதே இதன் சிறப்பு. 'அவனைப் போகச் செய்தான்', 'அவனைப் போகவிட்டான்', 'அவன் போகக் கண்டேன்' என்ற வாக்கியங்களில் 'போவதற்குச் செய்தான்', 'போவதற்குக் கண்டேன்' என்று நாம் சொல்வதுண்டா? இல்லை. ஆங்கிலத்திலும் 'ஹீ மேட் ஹிம் கோ', 'ஹீ லெட் ஹிம் கோ', 'ஐ சா ஹிம் கோ' என்று 'டு' இன்றியே வருகிறது. நன்கு படித்தவர்கள்கூட 'ஹீ மேட் மீ டு வெயிட்' என்று எழுதிவிடுவதை நாம் காண்கிறோம். இந்த ஒரு சோதனை கைவசம் இருந்தால் அப்பிழை நேராது. ஆனால் இது எல்லா வினைக்கும் பொருந்தும் பொது விதி அன்று. 'போகத் தொடங்கினான்' என்பதில் 'கு' விரிவதில்லை. ஆயினும் 'ஹீ பிகேன் டு கோ' என 'டு' வருகிறது. 'ஹேவ் டு', 'ஆட் டு' என்னும் இரண்டும் 'வேண்டும்' என்ற பொருளைத் தந்தும் தம் உடம்பிலேயே 'டு'வைக் கொண்டவை. செயப்பாட்டு வினையில் 'ஹீ வாஸ் மேட் டு வெயிட்' என 'டு' மீண்டும் தோன்றும். இத்தகைய சிலவற்றைத் தனியே நினைவில் வைத்துக்கொண்டால், எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நம் செவியே ஆசிரியராகும்.

வடிவத்தில் இன்னும் ஒரு பிழை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 'ஐ கேன் ஏபிள் டு டு இட்' என்பது அது. 'கேன்' என்பதும் 'ஏபிள்' என்பதும் ஆற்றலையே குறிப்பன. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் அடுக்குவது, 'என்னால் செய்ய முடிய இயலும்' என்று தமிழில் சொல்வதற்கு ஒப்பாகும். 'ஐ கேன் டு இட்' அல்லது 'ஐ ஆம் ஏபிள் டு டு இட்', இவற்றுள் ஒன்றே போதும். இறந்தகாலத்தில் மட்டும் இவ்விரண்டுக்கும் நுட்பமான வித்தியாசம் உண்டு. 'சிறு வயதில் என்னால் நீந்த முடிந்தது' என்று பொதுவான ஆற்றலைச் சொல்ல 'குட்' பொருந்தும். 'நேற்று ஓடிப்போய் ரயிலைப் பிடிக்க முடிந்தது' என்று ஒரு முறை கைகூடிய வெற்றியைச் சொல்ல 'வாஸ் ஏபிள் டு' என்பதே வழக்கு. எதிர்மறையில் அந்த வித்தியாசமும் இல்லை. ரயிலைத் தவறவிட்டவன் 'ஐ குட் நாட் கேட்ச் த ட்ரெயின்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

இனிப் பொருளுக்கு வருவோம். ஒரு வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். நோயாளியை நோக்கி, 'யூ மஸ்ட் நாட் டேக் இட் வித் மில்க்' என்கிறார். மற்றொரு வைத்தியர் வேறொரு மாத்திரைக்கு 'யூ நீட் நாட் டேக் இட் வித் மில்க்' என்கிறார். முன்னது, பாலுடன் சாப்பிடக் கூடாது என்ற தடை; மீறினால் தீங்கு நேரலாம். பின்னது, பாலுடன் சாப்பிட வேண்டியதில்லை என்ற விடுதலை. பாலுடன் சாப்பிட்டாலும் பாதகமில்லை, வெந்நீருடன் சாப்பிட்டாலும் பாதகமில்லை. இவ்வளவு தெளிவான வித்தியாசத்தில் தமிழர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்? நம் வாயில் இயல்பாக வரும் சொல் 'வேண்டாம்' என்பதே. 'பாலோடு சாப்பிட வேண்டாம்' என்று சொன்னால் அது தடையா, விடுதலையா என்பதைக் குரலும் சந்தர்ப்பமும்தான் காட்டும், சொல் காட்டாது. இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் அடக்கிப் பழகிய மனம், 'மஸ்ட்' என்பது 'வேண்டும்' ஆனால் 'மஸ்ட் நாட்' என்பது 'வேண்டாம்' என்று எளிதாகக் கணக்கிட்டுவிடுகிறது. ஆசிரியர் செய்ய வேண்டுவது இது: 'வேண்டாம்' என்ற சொல்லை அந்தப் பாடத்தின் வாயிலிலேயே நிறுத்திவிட்டு, 'கூடாது', 'வேண்டியதில்லை' என்னும் இரண்டை மட்டும் உள்ளே அழைக்க வேண்டும். 'கூடாது' என்றால் 'மஸ்ட் நாட்'. 'வேண்டியதில்லை' என்றால் 'நீட் நாட்' அல்லது 'டு நாட் ஹேவ் டு'. நம் மொழியிலேயே இருக்கும் இப்பாகுபாட்டைத் துலக்கிக் காட்டிய மறுகணமே ஆங்கிலப் பாகுபாடும் தெளிந்துவிடும்.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் 'வந்திருக்க வேண்டும்' என்பதில் இருக்கிறது. வெளியூர் சென்ற மகனிடமிருந்து கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் தாய், 'கடிதம் நேற்றே வந்திருக்க வேண்டும்' என்கிறாள். அதன் பொருள் என்ன? கடிதம் வந்துவிட்டது, தபால்காரர் அடுத்த வீட்டில் போட்டுவிட்டுப் போயிருப்பார் என்ற அநுமானமா? அன்றி, வர வேண்டிய கடிதம் வரவில்லையே என்ற ஏக்கமா? தமிழில் இரண்டுக்கும் வாக்கியம் ஒன்றே. ஆங்கிலத்திலோ முன்னதற்கு 'இட் மஸ்ட் ஹேவ் கம்' என்றும், பின்னதற்கு 'இட் ஷுட் ஹேவ் கம்' என்றும் இரு வேறு துணைவினைகள் ஆளப்படும். 'மஸ்ட் ஹேவ்' என்றால் வந்துவிட்டது என்பது நிச்சயத்தை ஒட்டிய ஊகம். 'ஷுட் ஹேவ்' என்றால் பெரும்பாலும் வரவில்லை என்ற ஆதங்கம். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவன் இந்த இடத்தில் கணநேரம் நின்று, நான் சொல்வது ஊகமா, ஆதங்கமா என்று தன்னையே வினவிக்கொள்ளக் கற்க வேண்டும். ஊகத்தின் எதிர்மறைக்கு மட்டும் நம் மொழி நமக்கு உறுதுணையாக நிற்கிறது. 'அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்' என்பதற்கு மறுதலை 'அவர் வீட்டில் இருக்க முடியாது' என்றுதான் நாம் சொல்கிறோம். ஆங்கிலேயரும் 'ஹீ மஸ்ட் பி அட் ஹோம்' என்பதற்கு மறுதலையாக 'ஹீ கான்ட் பி அட் ஹோம்' என்றே சொல்கிறார்கள்.

அடுத்து, மரியாதையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இப்பேச்சில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதியும் இதுவே. தமிழில் விநயத்தை உணர்த்த நமக்கு வழிகள் அநேகம். நீ, நீங்கள், தாங்கள் என்று முன்னிலைப் பெயர் படிப்படியாக உயர்கிறது. கொடு, கொடுங்கள் என்று ஏவலும் உடன் உயர்கிறது. ஐயா, அம்மா, அண்ணா என்ற உறவு விளிகள் அந்நியரையும் நம் குடும்பத்துள் கொண்டுவந்து விடுகின்றன. ஆங்கிலத்தில் இவற்றுள் பெரும்பாலானவை இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'தௌ', 'யூ' என்று முன்னிலையில் இரு நிலை இருந்ததுண்டு. பின்னர் 'தௌ' என்பது பொது வழக்கிலிருந்து அருகி மறைந்தது. அரசனுக்கும் அடுப்பங்கரை ஆளுக்கும் இன்று ஒரே 'யூ'. அவ்வாறாயின், அம்மொழியில் மரியாதை எங்கே போய்க் குடிகொண்டது? பெரும்பகுதி மோடல் வினைகளில் குடிகொண்டது.

வங்கியில் ஒரு படிவம் வேண்டி நிற்கிறோம். 'ஐயா, ஒரு படிவம் கொடுங்கள்' என்பது தமிழில் முழு மரியாதை. அதை அப்படியே பெயர்த்து 'சார், கிவ் மீ எ ஃபார்ம்' என்று சொன்னால், 'சார்' இருந்தும் அது கட்டளையாகவே ஒலிக்கிறது. ஏனெனில், 'கொடு'வுக்கும் 'கொடுங்கள்' என்பதற்கும் உள்ள தூரத்தை 'கிவ்' என்ற சொல் சுமக்கவில்லை. 'கேன் யூ கிவ் மீ எ ஃபார்ம்?' என்றால் சற்று மென்மை. 'குட் யூ கிவ் மீ எ ஃபார்ம், ப்ளீஸ்?' என்றால் முழு விநயம். 'குட்', 'வுட்' என்னும் இறந்தகால வடிவங்கள் வேண்டுகோளை இந்தக் கணத்திலிருந்து ஓரடி விலக்கி வைத்து, மறுப்பதற்குக் கேட்பவருக்கு இடம் கொடுக்கின்றன. இடம் கொடுப்பதுதானே மரியாதையின் சாரம்? தாய்மொழியில் எவ்வளவோ பண்போடு பேசும் நம்மவர், ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் கடுமையானவர்கள் என்று தவறாகக் கருதப்படுவதற்கு, இந்தத் துணைவினைகளை விட்டுவிடுவதே பெரிதும் காரணம். நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் 'மே ஐ கம் இன், சார்?' என்ற வாக்கியம் தெரியும். அதிலுள்ள 'மே' அனுமதி கேட்கும் சொல். அதே 'மே'யைத் திருப்பி, வந்திருக்கும் பெரியவரை நோக்கி 'யூ மே சிட்' என்று ஓர் இளைஞன் சொன்னால், அனுமதி அளிக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று அவன் அறியாமலே அறிவித்தவன் ஆகிறான். 'ப்ளீஸ் சிட் டவுன்' அல்லது 'வுட் யூ லைக் டு சிட் டவுன்?' என்பதே அங்கு தகும்.

'மே' என்ற ஓரசைச் சொல்லின் கனம் எவ்வளவு என்பதற்கு நம் நாட்டின் சரித்திரத்திலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. அரசியல் சட்டம் 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, மத்திய அரசின் காரியங்களுக்கு ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என்று விதிக்கப்பட்டது. அக்காலம் முடியும் முன்பே 1963-ஆம் ஆண்டில் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. 15 ஆண்டு கழிந்த பின்னும் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்பது அதன் கருத்து. அந்த 'லாம்' என்பதற்கு ஆளப்பட்ட சொல் 'மே'. இந்தி பேசாத மாநிலங்களின் பிரதிநிதிகள் அந்தச் சொல்லைக் கண்டு கலங்கினார்கள். 'படலாம்' என்பதற்குள் 'படாமலும் போகலாம்' என்பதும் அடங்கியிருக்கிறது, ஆதலால் அங்கே 'ஷல்' என்று இருக்க வேண்டும் என்று வாதாடினார்கள். மாநிலங்களவை உறுப்பினராயிருந்த அறிஞர் அண்ணா அந்த மசோதாவை எதிர்த்து உரையாற்றினார். பிரதமர் நேரு ஐயம் வேண்டாம் என்று விளக்கமளித்தும் அவர்களுடைய ஐயம் தீரவில்லை.

பின்னர் 1965-ஆம் ஆண்டு தமிழகத்தில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி எழுந்தது. அதனையடுத்து 1967-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், இந்தியைத் தன் ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்று கூறும் பகுதியில் 'ஷல்' என்ற சொல்லை வைத்தது. அத்தகைய மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றும்வரை அவ்வேற்பாடு நீடிக்கும் என்றும் விதித்தது. சட்டத்தின் பாஷையில் 'மே' என்பது விருப்பத்துக்கு இடமளிப்பது. 'ஷல்' என்பது கடமையாகக் கட்டிவைப்பது. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை நம் மாநிலத்து அன்றைய கல்லூரி மாணவர்கள் வீதியிலே நின்று உணர்ந்தவர்கள். அந்த உணர்வு வகுப்பறைக்குள்ளும் வர வேண்டும் என்பதே என் ஆசை. வீட்டு வாடகைப் பத்திரத்திலும், வேலை நியமன உத்தரவிலும், கடன் ஒப்பந்தத்திலும் இவ்விரு சொற்களும் இன்றும் அதே கனத்தோடுதான் நிற்கின்றன; கையொப்பமிடுகிறவன் அவற்றைக் கண்டறிந்து படிக்க வேண்டாமா?

அடுத்து, 'வுட்' பற்றிச் சில சொற்கள். நாளை பத்து மணிக்கு மந்திரி வருவார் என்பதை 'த மினிஸ்டர் வுட் கம்' என்று எழுதுவது நம் நாட்டு வழக்கில் பெருகியிருக்கிறது. மரியாதை கருதி 'வில்' என்பதை 'வுட்' ஆக்குகிறார்கள் போலும். வேண்டுகோளில் 'வுட்' மரியாதை தருவது உண்மை. ஆனால் நிச்சயமாக நடக்கப்போவதை அறிவிக்கும்போது அது நிச்சயத்தையே குலைத்து, ஏதோ ஒரு நிபந்தனையின்மேல் அவர் வருகை தொங்குவதாகப் பொருள்படுத்திவிடும். அங்கு 'வில்' என்பதே சரி. பழைய வழக்கத்தைக் கூறும்போதோ 'வுட்' மிக அழகாகப் பொருந்துகிறது. 'அந்நாளில் தாத்தா மாலைதோறும் கதை சொல்வார்' என்று நாம் எதிர்கால வடிவத்தைக் கொண்டே கடந்தகால வழக்கத்தைச் சொல்கிறோம் அல்லவா? 'இன் தோஸ் டேஸ் மை கிராண்ட்ஃபாதர் வுட் டெல் அஸ் ஸ்டோரிஸ்' என்பதும் அதே முறைதான். எங்கோ பிறந்த இரு மொழிகள் ஒரே மனித அநுபவத்தை ஒரே வழியில் சொல்லத் துணிந்திருப்பது எனக்கு என்றும் ஆனந்தம் அளிப்பது.

இனி 'டு' சேர்ந்த வினையெச்சத்துக்கு வருகிறேன். 'அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்ற தமிழ் வாக்கியத்தில் 'என்று' என்பதே அச்சாணி. அதைப் பெயர்க்கும் மாணவன் 'ஐ வான்ட் தட் ஹீ ஷுட் கம்' என்று எழுதுகிறான். ஆங்கிலம் அந்த இடத்தில் 'என்று' போன்றதொரு சொல்லை வேண்டுவதில்லை. வர வேண்டியவனைச் செயப்படுபொருளாக்கி, அவன் செய்ய வேண்டிய செயலை 'டு' கொண்டு அவனோடு இணைத்துவிடுகிறது: 'ஐ வான்ட் ஹிம் டு கம்'. 'ஆஸ்க்', 'டெல்', 'அட்வைஸ்', 'அலவ்', 'ஆர்டர்' என்பவையும் இந்த அமைப்பையே ஏற்கும். 'அவனை வரச் சொன்னேன்' என்று நாம் சொல்லும்போது 'அவனை' என்ற இரண்டாம் வேற்றுமையும் 'வர' என்ற எச்சமும் அருகருகே நிற்பதைக் கவனித்தால், 'ஐ டோல்ட் ஹிம் டு கம்' என்பது நமக்கு அந்நியமன்று என்பது புலப்படும். ஆனால் 'சஜெஸ்ட்' என்னும் வினை இவ்வமைப்பை ஏற்பதில்லை. 'ஐ சஜெஸ்டட் ஹிம் டு கம்' என்பது நம்மிடையே மலிந்த பிழை. அங்கு 'ஐ சஜெஸ்டட் தட் ஹீ ஷுட் கம்' என்று முன்னே விலக்கிய அமைப்பே பொருத்தமாகிறது.

சில வினைகளை அடுத்து 'டு' சேர்ந்த எச்சமும் வரும், 'இங்' ஈற்றுத் தொழிற்பெயரும் வரும்; ஆனால் பொருள் வேறுபடும். 'ரிமெம்பர் டு போஸ்ட் த லெட்டர்' என்றால், கடிதத்தைத் தபாலில் சேர்க்க மறந்துவிடாதே. செயல் இன்னும் முன்னே இருக்கிறது. 'ஐ ரிமெம்பர் போஸ்டிங் த லெட்டர்' என்றால், கடிதத்தைச் சேர்த்தது எனக்கு நினைவிருக்கிறது, செயல் முடிந்துவிட்டது. 'சேர்க்க' என்ற எச்சம் வருவதை நோக்குவதும், 'சேர்த்தது' என்ற பெயர் நடந்ததைப் பற்றுவதும் தமிழிலேயே கண்கூடு. 'ஹீ ஸ்டாப்ட் டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றான். 'ஹீ ஸ்டாப்ட் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்தினான். நடவாத செயலை நோக்கும் 'டு', நடந்த அல்லது நடந்துகொண்டிருக்கும் செயலைப் பற்றும் 'இங்' என்ற இந்தப் பாகுபாடு மனத்தில் இருந்தால் ஐயங்கள் பல தீரும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். எல்லா 'டு'வும் வினையெச்சத்தின் 'டு' அன்று. கடிதத்தின் முடிவில் 'உங்களைச் சந்திக்க ஆவலோடு எதிர்நோக்குகிறேன்' என்பதற்கு 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுகிறோம். ஆனால் 'டு மீட்டிங் யூ' என்பதே சரி. அங்குள்ள 'டு' பழைய வேற்றுமை உருபாகவே நின்று பெயரை வேண்டுகிறது. இதனைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு: 'டு'வை அடுத்து 'யுவர் லெட்டர்' போன்ற ஒரு பெயரை வைத்துப் பாருங்கள், பொருந்தினால் அங்கு 'இங்' வர வேண்டும். 'ஐ யூஸ்ட் டு ரைஸ் ஏர்லி' என்றால் முன்பு அதிகாலையில் எழுவது வழக்கம். 'ஐ ஆம் யூஸ்ட் டு ரைசிங் ஏர்லி' என்றால் அதிகாலையில் எழுந்து பழகிப்போயிற்று. இரண்டும் ஒலியில் நெருங்கியும் இலக்கணத்தில் வேறானவை.

நம் ஆசிரியர்கள் இரு பழைய விதிகளில் அதிகக் காலத்தைச் செலவிடுகிறார்கள். தன்மைக்கு 'ஷல்', மற்றவற்றுக்கு 'வில்' என்ற விதி, ஜான் வாலிஸ் என்பவர் 1653-ஆம் ஆண்டு லத்தீனில் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் காணப்படுவது. இன்றைய பேச்சில் 'வில்' என்பதே எங்கும் பரவிவிட்டது. 'டு'வுக்கும் வினைக்கும் இடையே வேறு சொல் புகலாகாது என்ற விதியை 1864-இல் ஹென்றி ஆல்ஃபர்ட் என்பவர் வலியுறுத்தினார். ஆயினும் 1926-இல் தம் அகராதியை வெளியிட்ட ஃபவுலர் என்பவர், தெளிவுக்காக அப்படிப் பிரிப்பது குற்றமாகாது என்று நிறுவினார். தேர்வுக்காக இவற்றை ஒரு நாள் சொல்லிவிட்டு, மிஞ்சிய நாட்களை 'மஸ்ட் நாட்', 'நீட் நாட்' வித்தியாசத்துக்கும், 'குட் யூ' என்ற விநயத்துக்கும் ஒதுக்கினால் மாணவனுக்கு வாழ்நாள் முழுவதும் பயன் கிடைக்கும்.

கற்பிக்கும் முறையிலும் நமக்கு நல்ல வழிகாட்டி உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, ஒவ்வொரு வினையும் தன்னை அடுத்து எவ்வமைப்பை ஏற்கும் என்பதை வகுத்து, 1942-இல் டோக்கியோவில் வெளியான அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் எதிரே குறித்துக் காட்டினார். பின்னர் ஆக்ஸ்ஃபர்ட் பதிப்பாக அது உலகெங்கும் பரவியது. தாய்மொழியாளர் தம் மொழியை எப்படி விளக்குவர் என்பதைவிட, அயல்மொழியாளன் எங்கே தடுமாறுவான் என்பதைக் கருத்தில் கொண்டு எழுந்த நூல் அது. 'வான்ட்' என்றால் விரும்பு என்று மட்டும் மனனம் செய்வதால் பயனில்லை. 'வான்ட் டு கோ', 'வான்ட் ஹிம் டு கோ' என்று அமைப்போடு சேர்த்தே அச்சொல்லைக் கற்க வேண்டும் என்பதே அவர் காட்டிய நெறி.

அந்த நெறியோடு நாம் நம்முடையதையும் சேர்க்க வேண்டும். ஆசிரியர் அன்பர்களே, துணைவினைகளை ஒன்பது சொற்கொண்ட அட்டவணையாக எழுதிக் கொடுத்து உருப்போடச் செய்யாதீர்கள். தமிழில் தொடங்குங்கள். 'நீ போகலாம், போக வேண்டும், போகக் கூடாது, போக வேண்டியதில்லை, போயிருக்கக்கூடும், போயிருக்க முடியாது' என்று ஒரே வினையை ஆறு மனநிலையில் மாணவனைச் சொல்லச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் எந்தச் சந்தர்ப்பத்தில், யார் யாரிடம் சொல்வது என்று அவன் வாயாலேயே விளக்கச் செய்யுங்கள். அதன் பிறகு ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள். மாணவ நண்பர்களே, நீங்கள் எழுதும் ஒவ்வோர் ஆங்கில வாக்கியத்திலும், நான் இங்கே அனுமதி கேட்கிறேனா, கட்டளையிடுகிறேனா, ஊகிக்கிறேனா, வேண்டுகிறேனா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவனுக்குத் துணைவினை தானாகவே வந்து அமையும். செயவென் எச்சத்தையும் வேற்றுமை உருபையும் நுணுகி ஆராய்ந்த ஓர் இலக்கண மரபில் வந்தவர்கள் நாம். அந்த அறிவைத் துணையாகக் கொண்டு ஆங்கிலம் கற்றால், ஆங்கிலமும் நன்கு வரும். நம் தமிழ் எவ்வளவு நுட்பமானது என்பதும் கூடவே விளங்கும்.